தகரப் பெட்டியில் இருந்த ஜேர்மன் கொப்பி

கேள்வி கேட்டவர் இலங்கை மலைநாட்டில் ஹப்புத்தளைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, இப்போது கொழும்பில் வேலை செய்யும் ஒரு தங்கச்சி. அவருடைய அம்மாயிக்கு வயது 87. அம்மாயியின் கட்டிலுக்கடியில் இருந்த தகரப் பெட்டியில் ஒரு பழைய கொப்பியும் கையால் வரைந்த 11 படங்களும் கிடைத்திருக்கின்றன. கொப்பியில் உள்ள எழுத்து யாருக்கும் பிடிபடவில்லை. "எங்கப்பா எழுதினது, சண்டைக் காலத்துல தியத்தலாவையில அடைச்சு வச்சிருந்தாங்க" என்பதற்கு மேல் அம்மாயி இத்தனை வருஷமாக ஒன்றும் சொன்னதில்லை. பெரிய மாமா லமினேட் பண்ணி வீட்டில் மாட்டலாம் என்கிறார். சின்ன மாமா விற்கலாம் என்கிறார். இது என்ன, இதை என்ன செய்வது என்று கேட்டு, ஒன்பது போட்டோக்களும் அனுப்பியிருக்கிறார்.

தங்கச்சி, இதை வாசித்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே பெரிய மாமாவுக்குக் கோல் எடுத்து லமினேட்டிங் கடைப் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

காரணம் என் வீட்டு அலுமாரியிலேயே இருக்கிறது. என் அப்பாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழை டவுனில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடை ஒன்றில் கொடுத்து நானேதான் லமினேட் பண்ணினேன். நூலகத்தில் பழைய ஏடுகள் பார்க்கும் பிரிவில் வேலைக்குச் சேர்வதற்கு முந்திய கதை. பத்திரமாக வைக்கிறோம் என்ற நினைப்பு. சூட்டில் பிளாஸ்டிக் இளகிக் கடதாசி நாருக்குள் இறங்கிவிட்டது. உள்ளே சிக்கிய ஈரம் வெளியே வர வழியில்லை. அப்பாவின் பெயர் இருக்கிற வரி இன்றைக்குத் தேத்தண்ணி சிந்தின நிறத்தில் இருக்கிறது. உரிக்கப் போனால் எழுத்தும் கூடவே உரிந்து வரும். பின்னாளில் அதே வேலையில் 26 வருஷம் இருந்தும் அந்த ஒரு தாளுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதை 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்ததிலிருந்து நம் மலையகச் சனங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் கையில் கிடைத்த கடதாசியை எல்லாம் பிளாஸ்டிக்குக்குள் போட்டு மூடப் பார்க்கிறோம். மாமாவைக் கோபிக்காதீர்கள்.

இனி அம்மாயியின் அப்பாவான உங்கள் பூட்டன் யார் என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் வீட்டில் இரண்டு கதைகள் ஓடுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்று, அவர் எம்டன் கப்பலில் வந்தவர் என்பது. மற்றது, அவர் போயர் கைதி, அதாவது தென்னாபிரிக்காவில் குடியேறிய டச்சு வழியினரில் ஒருவர் என்பது. இரண்டும் சரிப்பட்டு வராது. ஆனால் இரண்டும் எங்கேயிருந்து முளைத்தன என்று எனக்கு விளங்குகிறது.

எம்டன் என்ற ஜேர்மன் போர்க்கப்பல் 1914 செப்டெம்பர் 22ஆம் திகதி இரவு சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டது. அதற்குப் பிறகுதான் தமிழில் "அவன் பெரிய எம்டன்" என்ற பேச்சே வந்தது. அதே வருஷம் நவம்பர் 9ஆம் திகதி கொக்கோஸ் தீவருகே அந்தக் கப்பலை அடித்து நொறுக்கினார்கள். உயிர் தப்பின மாலுமிகளைக் கொழும்புக்குக் கொண்டுவந்து, பெரும்பாலோரை அங்கிருந்து மால்ட்டாவுக்கு அனுப்பிவிட்டார்கள். தோட்டத்தில் தங்கிக் குடும்பம் நடத்த யாரையும் விட்டு வைக்கவில்லை. மாமாவுக்குத் தெரிந்த ஜேர்மன் சொல் அது ஒன்றுதான் போலிருக்கிறது, அதைப் பூட்டனுக்கு ஒட்டிவிட்டார்.

போயர் கதைக்கு இதைவிடக் கொஞ்சம் கால் உண்டு. ஹப்புத்தளைக்குப் பக்கத்து மலையூரான தியத்தலாவையில் முகாம் உண்டானதே போயர்களுக்காகத்தான். தென்னாபிரிக்கச் சண்டையில் பிடிபட்ட போயர்களை 1900 ஓகஸ்டிலிருந்து கொண்டுவந்து இறக்கினார்கள். கிட்டத்தட்ட 5,000 பேர். பண்டாரவளை வரைக்கும் அப்போதே ரயில் போயிருந்தது, இடமும் குளிர், சுற்றிலும் வெட்டவெளிப் புல்மலை, ஓடினால் தெரிந்துவிடும். தகரக் கொட்டில்கள் கட்டி முட்கம்பி போட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் சும்மா இருக்க முடியாமல் கைத்தடி செதுக்கினார்கள், விளையாட்டுச் சாமான் செய்தார்கள், முகாமுக்குள்ளேயே பத்திரிகையும் நடத்தினார்கள். ஊவாப் பக்கத்துப் பழைய வீடுகளில் அவர்கள் செதுக்கின சாமான் இன்னும் அகப்படுவதுண்டு. 1902இல் சண்டை முடிந்து அவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். பிரிட்டிஷ் முடிக்கு விசுவாசம் சொல்ல மாட்டேன் என்று நின்ற ஏங்கல்பிரெக்ட் என்பவர் இங்கேயே தங்கி, யால காட்டுக்கு முதல் காவலர் ஆனார். உங்கள் அம்மாயி பிறந்தது 1938. கணக்குப் பார்த்தால் போயருக்கும் அவருக்கும் இடையில் ஒரு தலைமுறையே காணாமல் போகிறது.

கொப்பியின் முதல் பக்கமே விடை சொல்லிவிடுகிறது. நீங்கள் அனுப்பிய இரண்டாவது போட்டோவில் மேல் மூலையில் 7, பிறகு ஒரு புள்ளி, பிறகு ரோமன் எழுத்தில் ஒன்பது, பிறகு 39. நாளுக்குப் பின் மாதத்தை ரோமன் இலக்கத்தில் போடுவது அந்தக் காலத்து ஐரோப்பியர் வழக்கம். 1939 செப்டெம்பர் 7. பிரிட்டன் ஜேர்மனிமேல் சண்டை அறிவித்தது செப்டெம்பர் 3ஆம் திகதி. சண்டை தொடங்கியதும் இலங்கையில் இருந்த ஜேர்மன் ஆண்களைப் பிடித்துத் தியத்தலாவைக்கு அனுப்பினார்கள். 1940 ஜூனில் இத்தாலி சண்டைக்குள் வந்ததும் இத்தாலியர்களும் சேர்ந்தார்கள். உங்கள் பூட்டன் பிடிபட்டு நாலாவது நாளுக்குள் கொப்பியும் பென்சிலும் தேடி எடுத்துவிட்டார்.

இவர்கள் போர்க்கைதிகள் இல்லை. துவக்குப் பிடித்தவர்களும் இல்லை, குற்றம் செய்தவர்களும் இல்லை. பாஸ்போர்ட்டில் ஜேர்மன் என்று இருந்ததே காரணம். கண்டியில் பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கத்தை 1958இல் தொடங்கியவர்களில் ஒருவரான நியானபொனிக்க தேரர் என்ற ஜேர்மன் பிக்குவைக் கண்டிக்காரர்கள் அறிவார்கள். உடவத்தைக்கலைக் காட்டுக்குள் ஆசிரமத்தில் இருந்தவர். அவர் பிறப்பால் யூதர். ஹிட்லருக்குத் தப்பி 1936இல் இலங்கைக்கு வந்து துறவு பூண்டார். சண்டை வந்ததும் அவரையும், அவருடைய குரு நியானதிலோக்க தேரரையும் ஜேர்மன்காரர் என்றே தியத்தலாவையில் அடைத்தார்கள். ஹிட்லருக்குப் பயந்து ஓடிவந்தவரும், ஹிட்லருக்கு ஜே போடுபவரும் ஒரே கம்பிக்குள். குருவுக்கு அது இரண்டாவது தடவை. 1914லும் பிடித்து, முதலில் தியத்தலாவை, அப்புறம் அவுஸ்திரேலியா.

ஆகவே பூட்டன் ஜேர்மன் என்றதும் "நாஜியாக இருப்பாரோ" என்று பயந்து எழுதியிருந்தீர்களே, அந்தப் பயத்தைக் கொப்பி வாசிக்கும் வரை தள்ளி வையுங்கள். இரண்டு விதமானவர்களும் அங்கே இருந்தார்கள். எழுதினவர் எந்த விதம் என்று எழுத்துத்தான் சொல்ல வேண்டும். அப்படியே இருந்தாலும் அதை மறைக்க வேண்டாம்.

"ஜேர்மன் துரை" என்று அம்மாயி சொன்னதை வைத்து அவர் தோட்டத் துரை என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். தோட்டத்தில் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் எல்லாருமே துரைதான். தோட்டத்தை நடத்தினவர்கள் பெரும்பாலும் ஆங்கிலேயரும் ஸ்கொட்லாந்துக்காரரும். ஜேர்மன்காரர் என்றால் ஃபெக்டரி மெஷின் பூட்ட வந்தவராகவோ கம்பனி ஆளாகவோ இருக்கவும் இடமுண்டு. அந்தக் காலத்தில் ஃபெர்குசன் டைரக்டரி என்று வருஷா வருஷம் ஒரு தடித்த புத்தகம் வந்தது. எந்தத் தோட்டத்தில் யார் துரை, எந்தக் கம்பனியில் யார் என்று எல்லாம் அதில் இருக்கும். கொப்பியில் அவருடைய பெயர் கிடைத்ததும், 1937, 1938 வருஷத்துப் பிரதிகளைத் தேசிய சுவடிகள் திணைக்களத்திலோ பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்திலோ கேட்டுப் பாருங்கள். ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும்: தோட்டத்துக்கு நாம் சொல்கிற தமிழ்ப் பெயர் அதில் இருக்காது. இங்கிலிஷ் பெயரைத் தெரிந்துகொண்டு போங்கள்.

எழுத்து யாருக்கும் விளங்காததற்கு வருவோம். ஜேர்மன் படித்த ஒரு கன்னியாஸ்திரியிடம் காட்டியும் அவராலும் வாசிக்க முடியவில்லை என்றீர்கள். அது அவர் குறையில்லை. அந்தத் தலைமுறை ஜேர்மன்காரர் பள்ளிக்கூடத்தில் படித்த கையெழுத்து வேறு. குர்ரென்ட், சூட்டர்லின் என்று சொல்வார்கள். 1941இல் அதைப் பள்ளிக்கூடங்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு ஜேர்மனியில் பிறந்து வளர்ந்தவர்களிலேயே பலருக்குத் தாத்தா எழுதின கடிதம் வாசிக்க வராது. மேலும் கீழும் கூரான ஊசி வரிசை மாதிரித் தெரிகிறதே, அதில் பாதி "எ", "ந", "ம" ஒலி எழுத்துகள். ட்ரான்ஸ்கிரிபஸ் என்ற மென்பொருள் இந்தக் கையெழுத்தை ஓரளவு வாசித்து அச்செழுத்தாக்கித் தரும். அது தந்ததை அந்தச் சிஸ்டரிடம் கொடுங்கள், அவர் கடகடவென்று சொல்லிவிடுவார். ஜேர்மனியில் எம்மெண்டிங்கன் என்ற ஊரில் சாதாரண ஆட்களின் நாட்குறிப்புகளைச் சேர்த்து வைக்கும் காப்பகம் ஒன்று 1998இலிருந்து இருக்கிறது. மந்திரி, ஜெனரல் நாட்குறிப்பு இல்லை, தையற்காரி, பேக்கரிக்காரர், பள்ளிப் பிள்ளை எழுதினவை. அங்கே இந்தக் கையெழுத்து வாசிக்கத் தெரிந்த தொண்டர்கள் இருக்கிறார்கள். எழுதிக் கேட்பதில் தப்பில்லை.

இதற்கெல்லாம் முன்னால் நீங்களே ஒரு வேலை செய்யலாம். பெயர் தேடுங்கள். ஜேர்மன்காரர் "வ" ஒலிக்கு டபிள்யூ போடுவார், "ய" ஒலிக்கு ஜே போடுவார். வள்ளியம்மை என்ற பெயரை ஒரு ஜேர்மன்காரர் எழுதினால் தொடக்கம் டபிள்யூ, நடுவில் ஜே. ஆங்கிலத்தில் எப்படி வரும் என்று நினைத்துத் தேடினால் கண்ணில் படாது. உங்கள் பூட்டியின் பெயரும் "வ"வில் தொடங்குவது என்று சொன்னீர்கள். பெயரை இங்கே நான் எழுதவில்லை. சில பேர் வெளிநாட்டுப் பெயரை மட்டும் சாதாரண லத்தீன் எழுத்தில் எழுதுவார்கள். அப்படியென்றால் அந்த ஊசிக் காட்டுக்குள் அது தனியாகப் பளிச்சென்று தெரியும்.

நாட்குறிப்பில் பெரிய பரபரப்பை எதிர்பார்க்காதீர்கள். மழை, சாப்பாடு, பல்வலி, கடிதம் வந்தது, கடிதம் வரவில்லை. இப்படித்தான் பக்கம் பக்கமாகப் போகும். காவலர் எந்த நேரமும் எடுத்துப் பார்க்கலாம் என்று தெரிந்து எழுதினது. எழுத முடியாததைத்தான் மனுஷன் வரைந்திருக்கிறார் என்பது என் கணிப்பு. சிங்கப்பூரில் சாங்கி சிறையில் 1942இல் ஜப்பான்காரர் அடைத்த பெண்கள், துணித் துண்டுகளில் ஆளுக்கொரு சதுரம் பூவேலை செய்து தைத்துப் போர்வையாக்கினார்கள். பார்ப்பவருக்குப் போர்வை. சிறையின் அடுத்த பக்கத்தில் இருந்த புருஷன்மாருக்கு அது "உயிரோடு இருக்கிறேன்" என்ற சேதி. ஆகையால் கொப்பியையும் படங்களையும் தனித்தனிச் சாமானாக நினைக்காதீர்கள். எந்தப் படம் கொப்பியின் எந்தப் பக்கத்தில் செருகியிருந்தது என்று ஞாபகம் இருக்கும்போதே எழுதி வையுங்கள். இதுதான் நான் சொல்லக்கூடியதிலேயே முக்கியமானது. பெட்டியைத் திறந்த அன்றைக்கு எது எதன்மேல் இருந்தது என்பதை இனி யாராலும் திரும்ப அடுக்க முடியாது. அதைப் பார்த்தது நீங்களும் அம்மாயியும்தான்.

உங்கள் ஏழாவது போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தகரக் கொட்டில் இரண்டு, யூக்கலிப்டஸ் மரம் வரிசையாக, பின்னால் மொட்டைக் குன்று. குன்றின் சரிவில் வெளிறின கோடுகள் தெரிகின்றன, பார்த்தால் அழுக்கு மாதிரி இருக்கும். அது அழுக்கில்லை. ஃபொக்ஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மாலுமிகள் அந்தக் குன்றில் பதித்து வைத்த நரி உருவம். குன்றின் பெயரே ஃபொக்ஸ் ஹில். வால் எந்தப் பக்கம் இருக்கிறது, எவ்வளவு சரிந்து தெரிகிறது என்பதை வைத்து, அவர் எந்த இடத்தில் உட்கார்ந்து வரைந்தார் என்றுகூடக் கண்டுபிடிக்கலாம். ஆனால் தியத்தலாவை இன்றைக்கு இராணுவ ஊர், நினைத்த இடத்தில் நின்று போட்டோ எடுக்க விடமாட்டார்கள். ரயில் ஜன்னலிலிருந்து பாருங்கள்.

நாலாவது போட்டோ வேறு ரகம். கொழுந்து பறிக்கிற பெண், முதுகுப்புறம் தெரிகிறது. கூடைக் கயிறு தலையில் இருக்கிறது, இடுப்பில் படங்குச் சாக்கு. சாக்கை இழுத்துக் கட்டின முடிச்சு இடது பக்கம், முடிச்சுக்குக் கீழே துணி மூன்று மடிப்பாக விழுகிறது. முகாமின் முட்கம்பிக்கு உள்ளே இதைப் பார்க்க வழியில்லை. மனதிலிருந்து வரைந்திருக்கிறார். மலை, வானம் எல்லாம் ஏனோதானோ என்று ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு, அந்த முடிச்சுக்கு மட்டும் பென்சிலை எத்தனை தடவை கூராக்கினாரோ. பொதுவாக வெள்ளைக்காரர் வரைந்த கொழுந்துக்காரிப் படங்களில் முகம் இருக்கும், சிரிப்பு இருக்கும், முடிச்சு இருக்காது.

அந்தப் படத்தின் கீழ் மூலையில் ஊதாக் கறை இருக்கிறதே, மை கொட்டினது என்று நினைத்திருப்பீர்கள். அது கொப்பியிங் பென்சில். காய்ந்திருக்கும்போது சாதாரண பென்சில் போலச் சாம்பல் நிறம், துளி ஈரம் பட்டால் பளீரென்று ஊதாவாகிப் பரவிவிடும். யாரோ எச்சில் தொட்ட விரலால் புரட்டியிருக்கிறார்கள். கொப்பியிலும் பாதிப் பக்கம் அதே பென்சில்தான் என்று நினைக்கிறேன். ஆகவே ஈரப் பஞ்சு, ஈரத் துணி, எச்சில் எதுவும் வேண்டாம். தூசியை மிருதுவான பிரஷ்ஷால், நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டிவிடுங்கள். செலோடேப் ஒட்டாதீர்கள், கிழிந்தது கிழிந்தபடி இருக்கட்டும்.

மலைநாட்டில் கடதாசிக்குச் சத்துரு பூச்சியைவிட ஈரம்தான். காற்றில் ஈரப்பதம் 65 வீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். நம் பக்கத்து மழைக்காலத்தில் 80ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். வீட்டில் வைக்கிறதானால் வெளிச் சுவரோரம் வேண்டாம், தோட்டத்து லயன் வீட்டுச் சுவர் வேர்க்கும் என்பது உங்களுக்கே தெரியும். அடுப்படிப் பரணில் உலர்வு உண்டு, புகையும் உண்டு, அதுவும் சரிவராது. உள் அறையில், நிலத்திலிருந்து உயரத்தில். தகரப் பெட்டி இத்தனை வருஷம் காப்பாற்றியது உண்மைதான். ஆனால் உள்மூலையில் துரு பிடித்திருப்பது போட்டோவிலேயே தெரிகிறது, துருக் கறை ஏறினால் போகாது. அமிலமில்லாத அட்டைப் பெட்டி கொழும்பில் கிடைக்கும். கிடைக்கும் வரை ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் சுத்தமான வெள்ளைத் தாள் வைத்துத் தனித்தனி உறையில் போடுங்கள், செய்திப் பத்திரிகை வேண்டாம். சிலிக்கா ஜெல் பொட்டலம் பெட்டிக்குள் வைத்து, ஈரம் குடித்ததும் சூடாக்கிக் காயவைத்துத் திரும்ப வையுங்கள். வேப்பிலையைப் பக்கங்களுக்கு நடுவில் வைக்கிற பழக்கம் ஒன்று இருக்கிறது. இலை வடிவத்திலேயே கறை விழும். வசம்பைத் துணியில் முடிந்து பெட்டி மூலையில் வைப்பதென்றால் ஆட்சேபனை இல்லை. ராமபாணப் பூச்சிக்குப் பிடிக்காது. வெயிலில் காயப் போடுவது பெரிய பாவம்.

மாமா படம் மாட்ட ஆசைப்படுகிறார், அதையும் கெடுப்பானேன். ஸ்கேன் எடுத்து நல்ல தாளில் பிரிண்ட் போட்டுச் சட்டம் போட்டுக் கொடுங்கள். நீர்வண்ணம் வெளிச்சத்தில் வெளுக்கும், சிவப்புத்தான் முதலில் போகும். மூலம் இருட்டில் இருக்கட்டும். ஸ்கேன் எழுத்துப் பக்கத்துக்கு 400 டிபிஐ, படத்துக்கு 600. அட்டை, வெற்றுப் பக்கம், ஓரம் எல்லாம் சேர்த்து எடுங்கள். கொப்பியைத் தட்டையாக அமுக்கினால் முதுகு உடையும், கொப்பிக்கு மட்டும் ஃபோனாலேயே, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் போதும். பிரதிகள் மூன்று இடத்தில் இருக்கட்டும், ஒன்று வீட்டுக்கு வெளியே.

கடைசிப் பக்கத்தின் திகதியைப் பார்த்தீர்களா? அதைப் பொறுத்து ஒரு பெரிய விஷயம் தெரியவரும். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டன. ஜப்பான்காரர் நெருங்கி வருகிறார்கள் என்றதும் அந்த வருஷமே தியத்தலாவை ஜேர்மன்காரரை வட இந்தியாவில் டெஹ்ரா டூனுக்கு மாற்றிவிட்டார்கள். மேலே சொன்ன பிக்குகள் இருவரும் அங்கேதான் இருந்தார்கள். நியானபொனிக்க தேரர் சுத்த நிபாதம் என்ற பழைய பௌத்த நூலைக் கம்பிக்குள் இருந்தே ஜேர்மனுக்கு மொழிபெயர்த்தார். 1946இல்தான் விடுதலை. பிக்குகள் இலங்கைக்குத் திரும்பி வந்தார்கள், முகாமில் இருந்த மற்றவர்களில் பெரும்பாலோரை ஜேர்மனிக்கே அனுப்பினார்கள். கொப்பி 1942 தொடக்கத்தோடு நின்றால், வண்டி ஏறுவதற்கு முன் யாரோ ஒரு கைவழியாகப் பூட்டியிடம் வந்து சேர்ந்திருக்க வேண்டும். 1946 வரை ஓடினால் தபாலில் வந்தது, அப்படியென்றால் அவருக்கு விலாசம் தெரிந்திருந்தது, மறக்கவும் இல்லை. இரண்டும் வேறு வேறு கதை.

அவருடைய முகாம் பதிவைத் தேடுவதானால் ஜெனீவாவில் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்துக்கு விண்ணப்பம் போடலாம். 1929 ஜெனீவா ஒப்பந்தம் படையாட்களுக்கு மட்டும். சிவில் ஆட்களுக்கென்று தனி ஒப்பந்தம் 1949இல்தான் வந்தது. ஆனாலும் இரண்டாம் உலகச் சண்டையில் அடைபட்ட சிவில் ஆட்களைப் பற்றியும் சங்கம் அட்டை எழுதி வைத்தது. பெயரும் பிறந்த திகதியும் வேண்டும்.

விற்பது பற்றிச் சின்ன மாமாவுக்கு. சட்டப்படி இது தொல்பொருள் இல்லை. 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியதைத்தான் இலங்கைச் சட்டம் தொல்பொருள் என்கிறது. ஆனாலும் நாட்டுக்கு வெளியே அனுப்புவதென்றால் 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டம் இருக்கிறது, கேட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும். வாங்க வருகிறவர் 11 படத்துக்கும் விலை சொல்வார், கொப்பியைச் சும்மா வாங்கிக்கொள்வார். படங்கள் ஆளுக்கொன்றாகப் போய்விடும். கொப்பியின் கதி தெரியாது. நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். இன்னொன்று, கடதாசி அம்மாயியுடையது, ஆனால் எழுத்தின் பதிப்புரிமை வேறு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதினவர் இறந்து 70 வருஷம் வரைக்கும் அது அவருடைய வாரிசுகளுக்கு. ஜேர்மனியிலும் அவருக்கு ஒரு குடும்பம் இருந்திருக்கலாம், அவர்களுக்கு உங்களைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். புத்தகமாகப் போட நினைத்தால் அதைப் பார்த்துக்கொண்டு போடுங்கள். முழுப் பெயரோடு முகநூலில் ஏற்றிவிடாதீர்கள்.

பிரதி எடுத்து முடிந்ததும் நூலக நிறுவனத்தாரோடு பேசுங்கள். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005இலிருந்து இணையத்தில் சேர்த்து வருகிறவர்கள், மலையகமும் அதில் உண்டு. கம்பளைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்றும் பழைய லயத்திலேயே இருக்கிறது. மூலத்தை யாருக்கும் இப்போது கொடுக்க வேண்டாம். அம்மாயி இருக்கும்வரை அது கட்டிலுக்கடியிலேயே இருப்பதுதான் நியாயம் என்று நான் நினைக்கிறேன். பெட்டியை மட்டும் மாற்றுங்கள்.

அம்மாயியைப் பேச வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. "அப்பா பெயர் என்ன, எப்ப பார்த்தீங்க" என்று விசாரணை மாதிரிக் கேட்காதீர்கள். அவரைப் பிடித்துக்கொண்டு போனபோது அம்மாயி தொட்டில் பிள்ளை, அவருக்கு அப்பாவைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பூட்டி சொன்னது. பூட்டியோ அதிகம் சொல்லியிருக்க மாட்டார். நீங்கள் அதை வெட்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். வெட்கம் மட்டும் இல்லை என்பது என் எண்ணம். 1948 சட்டம் உன் தகப்பன் எங்கே பிறந்தான், அவனுடைய தகப்பன் எங்கே பிறந்தான் என்று கேட்ட சட்டம். பிறப்புப் பதிவில் தகப்பன் இடம் வெறுமையாக இருக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு, அவன் ஜேர்மன்காரன், முகாமில் இருந்தவன் என்று எந்தத் தாய் வாய் திறப்பாள்? வாயை மூடினார், பெட்டியை மட்டும் விடவில்லை. படங்களின் பிரிண்டை அம்மாயி கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டு ஃபோனில் ரெக்கோர்டை அமுக்கி வையுங்கள். நாலாவது படத்தைக் கொடுக்கும்போது, பூட்டி படங்குச் சாக்கை எந்தப் பக்கம் முடிவார் என்று மட்டும் கேளுங்கள். மற்றதை அவரே சொல்லட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் படங்களின் முன்பக்கத்தை மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள். நாலாவதன் பின்பக்கத்தில் யாரோ பென்சிலை அழுத்தி ஏதோ எழுதியிருக்கிறார்கள், அந்த அழுத்தம் முன்பக்கத்து வானத்தில் இலேசாகப் புடைத்து நிற்கிறது. பின்னாலிருந்து தெரிவதால் எல்லாம் இடம்வலம் மாறி, வலது மூலையில் தொடங்குகிறது. பெரும்பாலான எழுத்துகளை அப்படி வாசிக்க முடியாது. முதல் எழுத்து மட்டும் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கிற எழுத்து, டபிள்யூ. காலை நேரத்தில் ஜன்னலோரம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி அந்தப் பின்பக்கத்தை எடுத்து அனுப்புங்கள்.